இறுக்கிய பிறகும் ஒரு முறை

டிஸ்க் ஹாரோ வாங்க வருகிறவர்கள் சட்டியின் விளிம்பைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது தண்டின் கோடியில் இருக்கும் நட்டை. விளிம்பு தேய்ந்தால் உழவு கொஞ்சம் மேலாகப் போகும். நட்டு தளர்ந்தால் கருவியே தன்னைத்தானே தின்ன ஆரம்பித்துவிடும்.

கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் மக்காச்சோளம் ஒடித்த பின் நிற்கும் தட்டையை நறுக்கி மண்ணோடு புரட்ட 14 சட்டி ஹாரோவை இறக்குகிறோம். முன் கேங்கில் ஏழு பல்வெட்டுச் சட்டிகள், பின் கேங்கில் ஏழு வட்டச் சட்டிகள். ஒவ்வொரு கேங்கிலும் சதுரத் தண்டு ஒன்று, அதில் சட்டி, சட்டிகளைத் தள்ளி நிறுத்தும் ஸ்பூல், மறுபடி சட்டி என மாற்றி மாற்றிக் கோத்து, கோடியில் பெரிய நட்டு. சட்டியின் நடுவிலும் சதுரத் துளைதான். ஆனால் தண்டில் ஏற்ற வேண்டுமே, அதனால் துளையைச் சற்றுத் தாராளமாகத்தான் வெட்டியிருப்பார்கள். அந்த இடைவெளி இருக்கும்வரை சதுரம் மட்டும் சட்டியைப் பிடித்து வைக்காது. நட்டு கொடுக்கும் அழுத்தத்தில்தான் ஏழு சட்டியும் ஒரே உருளையாகச் சுழலும். அழுத்தம் குறைந்தால், கட்டி ஒவ்வொன்றிலும் மோதும்போது சட்டி தண்டின் மேல் ஆடும். துளையின் மூலைகள் மழுங்கும், தண்டின் விளிம்பு அரைபடும், ஸ்பூலின் முகம் தேயும். அந்த நிலைக்கு வந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு நிற்காது.

சோதிப்பது எளிது. ஹாரோவைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்துங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு சட்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சுத்தியலால் லேசாகத் தட்டியும் பாருங்கள். இறுகிய கேங் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது கடகடக்கும்.

இறுக்குவதில் பலரும் பலத்தைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சுத்தம். சட்டிக்கும் ஸ்பூலுக்கும் நடுவே துருவோ காய்ந்த மண்ணோ தடித்த பெயின்ட்டோ இருந்தால், அன்றைக்கு இறுகியதுபோலத் தெரியும். வயலில் அது பொடிந்து உதிர்ந்ததும் அந்த அளவு இடம் காலியாகும். அதனால் கேங்கைப் பிரிக்கும் போதெல்லாம் கம்பி பிரஷ்ஷால் முகங்களைத் தேய்த்துவிட்டுத்தான் கோப்பேன். பிறகு ஸ்பேனரில் பைப்பு செருகி இறுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் பைப்பின் கோடியில் 70 கிலோ ஆள் தன் முழு எடையையும் கொடுத்தால் ஏறக்குறைய 1,000 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். உங்கள் கருவிக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். இறுக்கியதும் தண்டின் கோடியில் மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் இரண்டு அடி. கோணலாக உட்கார்ந்திருந்த சட்டி நேராகும், நட்டு இன்னும் கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்கும். அடித்தும் திரும்பாத நிலை வந்த பிறகே பூட்டுத் தகட்டை மடக்க வேண்டும்.

நட்டைத் தண்டோடு வெல்டு வைத்துவிடும் பட்டறைகளும் உண்டு. அதற்குப் பிறகு நட்டு கழலாது, உண்மைதான். ஆனால் சட்டிகள் தளர்ந்தால் திரும்ப இறுக்கவும் வழியில்லை.

சட்டத்தில் உள்ள போல்ட்டுகளின் கதை வேறு. 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் தன் ஆய்வில் காட்டியது இது: போல்ட்டுக்குக் குறுக்காக வரும் அசைவுதான் நட்டைத் தானாகக் கழற்றுவதில் மோசமானது. ஹாரோவின் சட்டத்துக்கு ஓயாமல் கிடைப்பது அந்தக் குறுக்கசைவுதான், ஏனென்றால் குழிந்த சட்டி மண்ணைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் ஸ்பிரிங் வாஷர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. போதிய இறுக்கம்தான் அந்த அசைவைத் தடுக்கும். கேங்கின் கோணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டை முதலில் பாருங்கள். அது நழுவினால் கோணம் மாறி ஹாரோ ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். தலையில் 8.8 என்று போட்டிருந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த சாதாப் போல்ட்டை மாட்டவும் கூடாது.

சட்டி மாற்றும்போது இன்னொரு கவனம். தேய்ந்த ஆறோடு புதியது ஒன்றைச் சேர்த்தால், எல்லாம் ஒரே சுற்றில் ஓட வேண்டியிருப்பதால் பெரியது மற்றவற்றோடு மல்லுக்கட்டும், பாரமும் அதன் மேலேயே விழும். ஏழையும் சேர்த்து மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் தேய்மானத்தில் ஒத்த சட்டிகளை ஒரே தண்டில் சேருங்கள்.

மற்றவை சில்லறை வேலைகள். நிப்பிள் இருக்கும் பேரிங்குக்குக் கிரீஸ் கொடுப்பது, பேரிங் ஓரம் சுற்றிக்கொண்ட நைலான் கயிற்றை அது சீலை அறுப்பதற்குள் வெட்டி எடுப்பது, ஈரக் கரிசல் அப்பாமல் இருக்கச் சுரண்டித் தகட்டைச் சட்டியிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் தள்ளி வைப்பது.

புதிதாகக் கோத்த கேங்கை ஓட்டிப் போகும் டிரைவர்களிடம் நான் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, ஸ்பேனரை மறுபடி போடுங்கள். பட்டறையில் எவ்வளவு இறுக்கினாலும், சட்டிகள் ஒன்றோடொன்று படிவது வயலில் பாரம் ஏறிய பிறகுதான். மானாவாரியில் மழைக்கு முன் உழுது விதைக்கக் கிடைப்பதோ கொஞ்ச நாள். அதில் தண்டு உடைந்து ஒரு நாள் போவதைவிட, அந்தக் கால் மணி நேரத்தையும் வாடகைக் கணக்கில் சேர்த்தே பேசிவிடலாம். விவரம் தெரிந்த சம்சாரி யாரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.