மூணு மில்லிமீட்டர்

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஓபி முடிக்கும்போது மகனிடமிருந்து போன். "அப்பா, கம்ப்யூட்டர் நூறு டிகிரி காட்டுது. தானா ஆஃப் ஆயிடுது. காலைல பத்து மணிக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும்."

அண்ணாமலை நகரில் அறை எடுத்துப் படிக்கிறான். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். காரை எடுத்தேன்.

விஷயம் இதுதான் மக்களே. பழைய கம்ப்யூட்டரில் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5. அதற்கு 2016இல் வாங்கிய வாட்டர் கூலர். (ரயில்வே ஸ்டேஷனில் தண்ணி பிடிப்போமே, அது இல்லை. பிராசசர் மேல் ஒரு செம்புத் தட்டு உட்காரும். உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும்.) இப்போது போர்டையும் பிராசசரையும் மாற்றி ஐ5-12400 போட்டிருக்கிறான். கூலர் மட்டும் பழசு. "மாட்டிடலாம் தம்பி" என்று ஒரு கடையில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் டியூபைத் தொட்டேன். டயாலிசிஸ் நோயாளி கையில் ஃபிஸ்டுலாவைத் தொட்டால் ஓர் அதிர்வு தெரியும். அதே மாதிரி பம்ப் ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. ஆனால் ரெண்டு டியூபும் சில்லென்று இருந்தன. பிராசசர் நூறு டிகிரியில் கொதிக்கிறது, தண்ணீருக்கு அந்தச் சேதியே போகவில்லை!

கழற்றினோம். தட்டைப்பாதமா என்று பார்க்க ஈரக்காலோடு நடக்கச் சொல்லித் தடத்தைப் பார்ப்போம் இல்லையா? தெர்மல் பேஸ்ட் தடத்தில் ஓர் ஓரம் மட்டும் அழுந்தியிருந்தது. மீதி எல்லாம் வைத்தது வைத்தபடி.

காரணம், 2009இல் வந்த 1156 சாக்கெட்டிலிருந்து 1200 வரை, வீட்டு உபயோக இன்டெல் போர்டுகளில் கூலர் மாட்டும் ஓட்டைகளின் இடைவெளி 75 மி.மீ. 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறையோடு வந்த 1700 சாக்கெட்டில் அது 78. கடையில் பழைய பிராக்கெட்டை அரத்தால் ராவி ஓட்டையைப் பெரிசாக்கி இருக்கிறார்கள். ஸ்க்ரூ நுழைந்துவிட்டது. ஆனால் புது பிராசசர் உயரத்திலும் கொஞ்சம் இறங்கிவிட்டது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். பழைய ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் தட்டு அழுந்தாது. இன்னும் முறுக்கினால் போர்டுதான் வளையும்.

"பிராசசர் வந்த டப்பா எங்கடா?"

கட்டிலுக்கடியில், அதோடு வந்த ஃபேன் பிரிக்காமலே கிடந்தது. பையிலிருந்த ஆல்கஹால் ஸ்வாபால் பழைய பேஸ்டைத் துடைத்து, ஃபேனின் நாலு பின்னையும் குறுக்கும் மறுக்குமாக அழுத்தினோம். 12400 உச்சத்தில் இழுப்பதே 117 வாட். அதற்கு இந்த ஃபேன் தாராளம். ப்ராஜெக்ட் ஓடும்போது 68 டிகிரி.

"வாட்டர் கூலரே வேணும்னா 1700க்கான பிராக்கெட் தனியா வருமே, கேட்டியா?" சில கம்பெனிகள் பழைய பில்லைக் காட்டினால் சும்மாவே அனுப்பின. உங்களிடம் பழைய கூலர் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள். ரொம்பப் பழசென்றால் அதுவும் வேண்டாம்; டியூப் வழியாகத் தண்ணீர் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

"பார்த்தேன்ப்பா. விலை போட்டிருந்துச்சு. போர்டுக்கு இப்பதான் காசு வாங்கினேன், திரும்பக் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று தினமும் பத்துப் பேரையாவது திட்டுகிறவன் நான். அவர்களும் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு மெசேஜ்: "கொடுத்துட்டேன்ப்பா." கீழே பிராக்கெட்டின் லிங்க். வாங்கிப் போட்டுவிட்டேன்.