டிடிஎஸ் மீட்டர் சொல்லாத விஷயம்

1/ "டாக்டர், எங்க வீட்டு போர் தண்ணி டிடிஎஸ் 900 காட்டுது. குடிச்சா கிட்னி போயிடுமா?"

ஏனாத்தூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த ஒரு எண்ணை வைத்து நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2/ கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, ஒரு கணக்குப் போட்டு எண் காட்டுகிறது. அவ்வளவுதான்.

மளிகைப் பையைத் தராசில் வைத்தால் 5 கிலோ என்று வரும். உள்ளே இருப்பது அரிசியா, எலி மருந்தா என்று தராசுக்குத் தெரியுமா? கிருமி இருக்கிறதா என்பதும் இந்த மீட்டருக்குத் தெரியாது.

3/ சரி, தண்ணீருக்குள் உப்பு எப்படி வருகிறது?

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடா தண்ணீர் மாதிரி, ஆனால் ரொம்ப மெல்லிசு. அது பாறையை மெதுவாகக் கரைத்து கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500, 2012) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. டிடிஎஸ்ஸுக்கு இதே கணக்கு 500, 2000.

4/ "கால்சியம் தண்ணி குடிச்சா கிட்னியில கல் வரும்ல?"

பெரும்பாலும் கல் வருவதற்கான முதல் காரணம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது. காலையில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காத நெசவாளர்களை யோசித்துப் பாருங்கள். எழுந்தால் வேலை தடைபடும் என்று தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுவார்கள். சிறுநீர் கெட்டியாகும், கல் சேரும். உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போடலாம். கடினத்தன்மை 300, அது முழுக்க கால்சியம் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 120 மில்லிகிராம் கால்சியம். 2 லிட்டர் குடித்தால் ஒரு டம்ளர் பால் அளவு.

5/ கடின நீரை நம் உடம்பைவிட அதிகம் வெறுப்பது பட்டு நூல்தான்! கச்சா பட்டின் எடையில் சுமார் கால் பங்கு செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துத்தான் அதை நீக்குவார்கள். கால்சியம் அதிகமிருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் ஒட்டும்; சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சாயம் போடுபவர்களுக்கு மீட்டர் வருவதற்கு முன்பே தண்ணீரின் ரசாயனம் அத்துப்படி.

6/ பூமி தருவதெல்லாம் நல்லதா? இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பாறையிலிருந்து வந்த ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

ஆனால் நாமே தண்ணீருக்குள் போடுவது வேறு கதை.

7/ நைட்ரேட். செப்டிக் டேங்க், யூரியா, சாணக்குவியல் இவைதான் முக்கியமான வழிகள். நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதற்கு "வேறு நீர் இல்லாவிட்டால் பரவாயில்லை" என்ற சலுகையே கிடையாது.

மீட்டர் 400 காட்டும் "நல்ல" தண்ணீரில் நைட்ரேட் 100 இருக்கலாம். 900 காட்டும் தண்ணீரில் 10 இருக்கலாம்.

8/ ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் சேரும். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். உதடும் நகமும் நீலமாகும். 1945ல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர்தான் கிணற்று நீருக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எழுதினார்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை.

9/ இதற்கு நாங்கள் ஊசியாகக் கொடுக்கும் மாற்று மருந்து மெத்திலீன் ப்ளூ. 1876ல் ஜெர்மனியில் துணிச் சாயமாகத் தயாரிக்கப்பட்டது. சாயத்தால் பேர் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்!

10/ அடுத்தது சோடியம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை 3 லிட்டர் குடித்தால், சுமார் ஒன்றரை கிராம் உப்பு தின்ற மாதிரி. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கிட்னி நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மாடியில் வைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. அந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க. குடிக்க வேண்டாம்.

11/ "அப்போ ஆர்ஓ போட்டா எல்லாம் சரியா?"

நைட்ரேட், ஃபுளோரைடு, உப்பு அதிகமென்றால் ஆர்ஓ சரியான கருவிதான். ஆனால் அது எதையும் அழிப்பதில்லை, பிரிக்கிறது. பல வீடுகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு நீர். அது இன்னும் கெட்டியான உப்போடு தோட்டத்துக் குழிக்குப் போனால், திரும்பவும் அதே போருக்கு வரும்.

12/ இதைப் பெரிய அளவில் பார்க்க திருப்பூர் போகலாம். பருத்திக்குச் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். அது நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

பிறகு வழி மாறியது. கழிவை ஆர்ஓவில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, சோடியம் சல்பேட்டைப் படிகமாக மீட்டு, மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆனாலும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டையாகச் சேர்கிறது. மீட்பதற்கு மின்சாரமும் விறகும் பணமும் வேண்டும். கலப்பதற்கு ஒரு நாள் போதும்.

13/ நமக்கு மேல்பக்கம் பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது.

14/ நீங்கள் செய்யக்கூடியது:

• தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி போர் தண்ணீரைச் சோதியுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.
• நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை, குளோரைடு, இ.கோலை எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள். சோடியமும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.
• வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ரிப்போர்ட் வரும்வரை போர் தண்ணீரில் பால் கலக்காதீர்கள்.
• ஆர்ஓ கழிவு நீரை பாத்ரூம் கழுவ, தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.
• 2003ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழி உங்கள் வீட்டில் இருக்கும். தூர் வாருங்கள். அதில் சமையலறை நீரை விடாதீர்கள்.

15/ ஏனாத்தூரில் கல்லூரி, மருத்துவமனை, விடுதி என்று கட்டடம் பெருகுகிறது. பொதுச் சாக்கடை எட்டாத மனையில் ஒரு பக்கம் போர், இன்னொரு பக்கம் செப்டிக் டேங்க். உங்கள் குழிக்கும் பக்கத்து வீட்டு போருக்கும் எவ்வளவு தூரம்? இன்றைக்கே அளந்து பாருங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் எண்களைப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.