நிறுத்தத் தெரிந்தவரே இழுக்கலாம்

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரத்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. வாசலில் நிற்பது ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ். பின்தொட்டியை எடுத்துவிட்டு, காரின் இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கையைப் பொருத்தியிருக்கிறார்கள். பூசிங், சிப்புத்தே, கோப்பெங் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே கார் நின்றுபோனாலும் அழைப்பு இங்கே வரும். வண்டிக்காரர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா தோட்ட டிராக்டர் ஓட்டியவர். உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார்.

கம்பிக்கயிறும் கொக்கியும் இந்த மண்ணுக்குப் பழக்கமானவை. இதே சாலையில்தான் 1938இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் ஈயக் கப்பல் நிற்கிறது. ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள அந்த இயந்திரம் 1982 வரை ஈயம் தோண்டியது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. தோட்டங்களும் மாறின; ரப்பர் மரங்கள் விழுந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் பலருக்குக் கைகொடுத்தவை லோரியும் பட்டறையும்தான். ஹைலக்ஸ் அண்ணனும் அப்படி வந்தவர்தான்.

நான் பட்டறையில் இருந்தபோது ஓர் அம்மா போனில் அழைத்தார். பெரோடுவா மைவி, வீட்டுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அண்ணன் உடனே கிளம்பவில்லை. முதலில் கேள்விகள்: "காடி ஆட்டோவா, மேனுவலாம்மா? சாவி இருக்கா? டயர்ல காத்து இருக்கா? நீங்க ரோட்டை விட்டுத் தள்ளி நிக்கிறீங்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. ஆட்டோ கியரில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்கும்போது ஓட்டும் சக்கரங்களைத் தரையில் உருட்டி இழுத்தால், கியர்பெட்டியின் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுழன்று தேய்ந்துபோகும். மைவி, சாகா போன்றவற்றில் ஓட்டுவது முன்சக்கரம். ஆகவே முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பின்சக்கரம் உருளலாம். பின்சக்கரம் ஓட்டும் வண்டியைப் பின்பக்கமாகத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்ட வேண்டும். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டியோ மின்சாரக் காரோ என்றால், அண்ணன் தன் ஹைலக்ஸை எடுப்பதே இல்லை. முழுக் காரையும் மேலே ஏற்றும் லோரிக்காரருக்குத் தகவல் சொல்லிவிடுகிறார். வருமானம் போகிறது. இருந்தும் அதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

மைவியின் அருகே போனதும் சாலையில் எச்சரிக்கைக் கூம்புகளை வைத்தார். இரும்புக் கை முன்சக்கரங்களுக்கு அடியில் நுழைந்து இருபுறமும் அணைத்துக்கொண்டது. ஒவ்வொரு டயரையும் அகலமான பட்டையால் சுற்றி, ராட்செட்டை ஒவ்வொரு பல்லாக இறுக்கினார். பட்டை முறுக்கிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் முழுவதும் தளர்த்தி மறுபடி கட்டினார். முறுக்கிய பட்டை ஓட்டத்தில் நேராகும்போது தளர்ந்துவிடுமாம். பட்டை போதாதென்று இரண்டு சங்கிலிகள் வேறு. பட்டை அறுந்தாலும் கார் பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பதற்கு அவை. கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கைப்பிரேக்கை விடுவித்தார். கடைசியாக, காந்தம் வைத்த விளக்குகளைக் காரின் பின்பக்கம் ஒட்டி, அவற்றின் வயரை ஹைலக்ஸில் செருகினார். இளைஞர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, சிக்னலைப் போட, ஒவ்வொரு விளக்கும் எரிகிறதா என்று அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டார்.

எடைக் கணக்கை அவர் மணலில் கோடு போட்டு விளக்கினார். மைவி ஏறக்குறைய 1,000 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் அதில் சுமார் 600 கிலோ முன்சக்கரங்களின் மேல் இருக்கும். அந்த 600 கிலோ ஹைலக்ஸின் பின்னச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி மூன்று மீட்டர். அப்படியானால் முன்னச்சில் 300 கிலோ குறைகிறது, பின்னச்சில் 900 கிலோ கூடுகிறது. திசை திருப்புவது முன்சக்கரம். அதன் மேல் பாரம் குறைந்தால் ஈரச் சாலையில் பிடிமானமும் குறையும். கிந்தா பள்ளத்தாக்கின் மாலை மழை எப்படிக் கொட்டும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர் முன்டயர்களை அடிக்கடி மாற்றுகிறார். பெரிய வண்டிகளைத் தூக்க மறுக்கிறார்.

புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி, பட்டைகளை மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகும் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. இரண்டு டன் ஹைலக்ஸும் ஒரு டன் காரும் சேர்ந்து மூன்று டன். பிடிப்பதோ ஹைலக்ஸின் பிரேக் மட்டும். வேகம் அறுபதிலிருந்து தொண்ணூறானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிடும். "இழுக்க எஞ்சின் போதும்ணே. நிப்பாட்டத்தான் மனுஷன் வேணும்" என்றார். இந்தத் தொழிலின் சாரம் அதுதான் என்று நானும் நம்புகிறேன்.

அவரை மிகவும் கவலைப்பட வைப்பது கயிற்றில் கட்டி இழுக்கும் பழக்கம். கைக்குக் கிடைத்த கயிற்றைப் பம்பரில் முடிந்து, பின்காரில் ஒரு பையனை உட்காரவைத்து இழுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறார். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கான உதவி ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாய் இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வேறு வழியே இல்லாமல் கயிற்றால்தான் இழுக்க வேண்டுமென்றால், மேனுவல் கியர் காராக இருக்க வேண்டும். காருடன் வரும் இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். சாவி திருப்பிய நிலையிலேயே இருக்க வேண்டும். பின்காரில் அனுபவமுள்ளவர் உட்கார்ந்து, லேசாகப் பிரேக் கொடுத்துக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கவே கூடாது. அறுந்து திரும்பும் கயிறும் அதன் முனையிலுள்ள இரும்பும் ஆளைக் கொல்லும். மற்றபடி பட்டறைக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ அழைப்பதே நல்லது.

சாலையோரத்தில் முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டியபடி குனிந்து வேலை செய்கிறவர்கள் இந்த இழுவை வண்டிக்காரர்கள். நடுராத்திரியிலும் மழையிலும் போகிறார்கள். அவர்கள் கூம்பு வைத்திருப்பதைக் கண்டால் வேகத்தைக் குறைத்துத் தள்ளிப்போவது நாம் செய்யக்கூடிய மிக எளிய மரியாதை.

இன்னொன்றும் செய்ய வேண்டும். அண்ணனிடம் இருக்கும் இவ்வளவு அறிவுக்கும் கையில் ஒரு தாள் கிடையாது. மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பறைக்குப் போகாமல், செய்த வேலையையும் அனுபவத்தையும் சான்றாகக் காட்டிப் பெறும் வழி நம் நாட்டில் இருக்கிறது. வாகனத் துறையில் உழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நம் ஆலயங்களும் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். விண்ணப்பம் எழுதவும் வேலைச் சான்றுகளைத் தொகுக்கவும் உதவலாம். முறுக்கிய பட்டையைத் தளர்த்தி மறுபடி கட்டும் பொறுமையை அண்ணனுக்கு உதவும் அந்த இளைஞர் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார். அதற்குரிய சான்றிதழும் சம்பளமும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.