இறக்கம்

டாப் செங்காட்டுப்பட்டி. பச்சைமலைமேல் தை மாத வெயில் உறைக்காமல் விழுந்து கிடக்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று, துறையூர்ப் பக்கம் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு இறங்குகிறது.

டீக்கடை பெஞ்சில் ஒரு கிழவி. முழங்காலில் தைலம் தேய்த்த மினுமினுப்பு. பக்கத்தில் பேரன்; காலேஜ் படிக்கிற வயசு. டவர் கிடைக்கிற இடம் போலிருக்கிறது, செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரையில் பனிமலை. காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, குந்தியும் குந்தாமலும், ஒருத்தி சரிவில் பாய்கிறாள்.

“யாருடா இவ, இப்படி விழுந்தடிச்சு வர்றா?”

“அமெரிக்காக்காரி அப்பாயி, லிண்ட்சே வான். 120 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேல போவா. ரெண்டு நிமிசத்துக்குள்ள அடிவாரம்.”

“அடிவாரத்துல என்ன வச்சிருக்கு?”

“மெடல்தான். 2010ல வான்கூவர் ஒலிம்பிக்ல தங்கம். 2019ல ஓய்வு அறிவிச்சப்ப, உலகக் கோப்பையில மட்டும் 82 ரேஸ் ஜெயிச்சிருந்தா.”

கிழவி வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்குகிறாள். “நம்ம தேசத்துல இதுக்கு ஆள் இல்லையா?”

“காஷ்மீர்ல இருக்காரு, குல்மார்க் ஆரிப் கான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவுலேர்ந்து அவர் ஒருத்தர்தான். நேரா பாயாம, கொடிக்குக் கொடி வளைஞ்சு இறங்குற ரேஸு. 45ஆவதா வந்தாரு. அதுக்குப் போகணும்னு கல்யாணத்தையே தள்ளிப்போட்டாரு.”

“பொண்ணு வீட்டுல சும்மாவா விட்டாங்க?”

பேரனிடம் பதில் இல்லை. திரையில் அவள் விழுகிறாள். கிழவியின் கை தன் முட்டியைப் பிடித்துக்கொள்கிறது.

“இது 2013ல, ஆஸ்திரியாவுல. வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சு, எலும்பும் விட்டுப்போச்சு.”

“போவாம? ஏறுறவனுக்கு மூச்சு போவும், இறங்குறவனுக்கு முட்டி போவும். மலையில பொறந்தவங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே.”

இதற்காகவே காத்திருந்தவன்போல் பேரன் நிமிர்கிறான். “அந்த முட்டியிலதான் ஒரு பாதியை எடுத்துட்டு டைட்டானியம் வச்சாங்க. நாப்பது வயசுல திரும்பி வந்து, 2025 மார்ச்சுல ஒரு ரேஸ்ல ரெண்டாவதா வந்தா. நீ என்னடான்னா டாக்டர் பேரைச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிற.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ ஆற்றுகிறார். கீழ் வளைவில் பஸ் ஹாரன். பேரன் பையை எடுக்கிறான், கிழவி எழவில்லை.

“அவளுக்கு எப்ப அறுத்தாங்க?”

“2024 ஏப்ரல்ல. டிசம்பர்ல மறுபடி ரேஸ்ல இறங்கிட்டா.”

விரல் மடக்கி எண்ணுகிறாள். சித்திரைக்கு மார்கழி எட்டு. தைக்குப் புரட்டாசி எட்டு.

“புரட்டாசிச் சனிக்குப் பெருமாள்மலைப் படி ஏறிடுவேன்டா. இறங்க முடியுமான்னு அந்த டாக்டரைக் கேட்டுச் சொல்லு.”