ஒரு பை இரத்தம்

வெசாக் போயாவுக்கு ஒரு பன்சலையில் இரத்ததான முகாம், எனக்கு டியூட்டி. 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு துண்டுபோட்டு ஊரான பழைய ரப்பர் தோட்டம். வெளியே வெசாக் கூடு கட்டுகிறார்கள், தன்சலுக்குக் கடலை அவிகிறது. தர்ம உபதேச மண்டபத்தில் எங்கள் கட்டில்கள்.

மிஞ்சியிருக்கும் லயத்திலிருந்து ஒரு அக்கா வந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன புள்ள பொறந்தப்போ நாலு பை ஏத்துனாங்க டொக்டர். ஒண்ணாவது திருப்பிக் குடுக்கணும்."

விரலில் குத்திப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9. தானத்துக்கு 12.5 வேணும்.

"அப்ப என் ரத்தம் ஆகாதா?"

"ஆகாதுன்னு இல்லக்கா, உங்களுக்கே போதல. மேடு ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குது. வெயில்னு நெனச்சேன்."

கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். குனிந்தபடியே போனார்.

மத்தியானம் பார்த்தால் தன்சலில் சிங்கள அக்காமாரோடு நின்று கடலை அள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கரண்டி கூடவே விழுந்தது!

முகாமில் திருப்பி அனுப்பினால் மனசு உடையாதீங்க. காரணத்தைக் கேளுங்க, கிளினிக் போங்க. சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிங்க.