எண்ணெயை எந்தப் பக்கம் தடவுவது?



நேற்று ஒரு பழைய மாணவன் செம்மேட்டு வீட்டுக்கு வந்திருந்தான். கோவையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்கு டை வடிவமைக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான்.

அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது உராய்வுப் பாடம் நடத்தினேன். "உராய்வு என்றால் தேய்மானம், சூடு, சக்தி வீண். எண்ணெய் போட்டால் தீர்ந்தது" என்றேன். உடனே எழுந்து, "சார், ஓரி விழாவுல கரும்பு மெஷின் வந்துச்சே, அந்த உருளையில எண்ணெய் தடவினா கரும்பு உள்ளே போகுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல், "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்றேன். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நேற்று காபி குடிக்கும்போது அவனே அதை எடுத்தான். சிரித்துக்கொண்டுதான். "போகாது சார். இரும்பாலையிலும் அதே கதைதான்" என்றான்.

சேலம் இரும்பாலையில் எவர்சில்வர் தகட்டை உருளைகளுக்கு நடுவே கொடுத்து மெலிதாக்குகிறார்கள் அல்லவா? அங்கே தகட்டைக் கவ்வி உள்ளே இழுப்பதே உராய்வுதான். எண்ணெய் வேண்டும். ஆனால் உராய்வு முழுக்கப் போய்விட்டால் உருளை சும்மா சுற்றும், தகடு உள்ளே போகாது.

பாத்திரம் அடிப்பது இன்னும் சுவாரசியம். வட்டத் தகட்டை டையின் மேல் வைத்து, விளிம்பை ஒரு வளையத்தால் அழுத்திப் பிடிப்பார்கள். நடுவில் பஞ்ச் இறங்கும். விளிம்பு வழுக்கி உள்ளே வர வேண்டும், அதனால் டை பக்கம் எண்ணெய். பஞ்ச் தொடும் பக்கம் தகடு வழுக்கக் கூடாது. வழுக்கினால் அடி வளைவில் தகடு இழுபட்டு, மெலிந்து, கிழியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தகடு கிழிகிறதே என்று இரண்டு பக்கமும் எண்ணெயைக் கொட்டினானாம். கிழிசல் கூடியது. "நீங்க சொல்லிக்கொடுத்தபடிதான் சார் செஞ்சேன்" என்றான். சுருக்கென்றது.

இப்போது டை வெட்டும் முன்பே கணினியில் அடித்துப் பார்க்கிறார்கள். அதற்கு உராய்வின் அளவைக் கொடுக்க வேண்டும். நான் நடத்தியது 1699இல் அமான்டன் சொன்ன விதி: அழுத்தும் விசை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். எண்ணெய் தடவிய தகட்டுக்கு 0.1ஐ ஒட்டிய ஒரு எண்ணை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம். ஆனால் கட்டி உலோகத்தை நசுக்கும் இடத்தில் அந்த விதி நிற்காது. அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் மேற்பரப்பு வழுக்குவதை விட்டுவிட்டு உலோகத்தின் உட்பகுதியே அறுபட்டு நகரும். அதற்கு மேல் உராய்வு ஏறாது.

அளப்பது எப்படி என்று கேட்டேன். பேரனின் கலர் களிமண்ணை எடுத்து ஒரே அளவில் இரண்டு வளையம் செய்தான். வெளிவிட்டம் 6, துளை 3, உயரம் 2 என்ற விகிதம். ஒன்றை எண்ணெய் தடவிய இரண்டு தட்டுகளுக்கு நடுவே நசுக்கினான், துளை பெரிதானது. இன்னொன்றை உப்புத்தாள்களுக்கு நடுவே நசுக்கினான், துளை சுருங்கியது. துளை எவ்வளவு மாறியது என்று பார்த்தே உராய்வைக் கணக்கிடலாமாம். பிரஸ் வேலையில் உலோக வளையத்தை வைத்து இதையே செய்கிறார்கள்.

இத்தனை வருடம் பாடம் நடத்தியவன், ஒரு உருண்டைக் களிமண்ணில் இதைக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று எழுந்துவிட்டான். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போக வேண்டுமே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்களில் யாரையாவது நான் அப்படி உட்கார வைத்திருந்தால், அந்தக் கேள்வியை இங்கே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்கிறேன்.