வடக்கு வாசல் வெயில்

எங்கள் வீட்டு முன்தோட்டத்தில் நிற்கும் ஏழடி மூங்கில் தட்டி வெயிலுக்காகக் கட்டியது என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அது எதிர்வீட்டுப் பெரியவருக்காகக் கட்டியது.

சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். மாலையில் நான் வாசலில் நாற்காலி போட்டால் போதும், காம்பவுண்டு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். மூட்டு வலி, பென்ஷன், யாரோ ஒருவரின் பட்டா தகராறு. நல்ல மனிதர். எனக்குத்தான் கேட்கப் பொறுமையில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமும் இல்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தெருப்பக்கம் தட்டி, அதில் ஏற்ற ரங்கூன் மல்லி, உள்ளே கறுப்புக் கடப்பா கல்லில் பெஞ்சு. "உக்காந்தா மறைக்க அஞ்சடி போதும் சார், மேல காத்து வரட்டும்" என்றார். எதிர்வீட்டுக்காரர் ஆறடி உயரம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? ஏழடி என்று பிடிவாதமாக நின்றேன்.

கட்டியது மார்கழியில். வீடு வடக்குப் பார்த்தது. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். மார்கழியில் உச்சிப் பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கும். வீட்டின் நிழலே எங்கள் பத்தடித் தோட்டத்தை மூடிவிடும். வெயிலே விழாத இடத்தில் வெயிலுக்கு மறைப்பு! ஆயுள் முழுக்கச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவருக்கு இது தெரியாதா? "வடக்கு வாசலுக்கு மார்கழியில ஏது தம்பி வெயில்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "கோடைக்கு இப்பவே ஏற்பாடு சார்" என்று சமாளித்தேன். தலையாட்டினார். அதன் பிறகு சுவர்ப்பக்கம் வரவில்லை.

கோடையில் பொய் இன்னும் வெளிச்சமானது. ஏப்ரல் கடைசியில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வரும். அங்கிருந்து ஆகஸ்ட் பாதி வரை நடுப்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கும். வீட்டு நிழல் கொல்லைப்பக்கம் போய்விட்டது. கடப்பா கல் பகலெல்லாம் காய்ந்து, விளக்கு வைத்த பிறகும் சுட்டது. தட்டி காற்றையும் அடைத்தது. வெயிலை நினைத்துக் கட்டியிருந்தால் முதலில் தலைக்கு மேல் பந்தல் அல்லவா போட்டிருப்பேன்?

பந்தல் பிறகு போட்டேன். கொடி மேலே ஏறிப் படர்ந்துவிட்டது. சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாள்களில் ரோஸ் நிறமாகிச் சிவக்கும். இருட்டியதும் வாசம் தூக்கும். இப்போது அங்கே உட்காருவது சுகம்தான், மறுக்கவில்லை. தட்டி இடுக்கு வழியாக அவர் இஸ்திரிக்காரரை நிறுத்திப் பேசுவதைப் பார்க்கிறேன். காதையும் தீட்டிக்கொள்கிறேன். என்னிடம் சொன்னபோது சலித்த அதே பட்டா கதை, ஒட்டுக்கேட்கும்போது ருசிக்கிறது.

ஒரு நாள் கேட்டருகில் நின்று "தம்பி" என்று கூப்பிட்டார். பெஞ்சில்தான் இருந்தேன். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமாம், செல்போனில் ஆட்டோ பிடிக்கத் தெரியவில்லையாம். அவளே பிடித்துக் கொடுத்திருக்கிறாள். "நீங்க எங்கன்னு கேட்டார். வெளிய போயிருக்கார்னு சொன்னேன்" என்றாள்.

தட்டியைப் பிரித்துவிடலாமா என்று அவள்தான் கேட்டாள். கொடி வேர் பிடித்து நிற்கிறது, இப்போது கை வைத்தால் பட்டுப்போகும் என்றேன். ரங்கூன் மல்லி லேசில் பட்டுப்போகிற கொடி இல்லை. ஒட்ட வெட்டிவிட்டாலும் தழைத்துக்கொள்ளும்.